பங்களா மரத்து ஆப்பிள்

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்களே, அதை அந்தப் பக்கம் ஜன்னலோரமாக வைத்துக்கொள்ள முடியுமா? ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடுவார்களே, அந்த ஆப்பிள் பைதானே? ஏரிக்கரைக் கடையில் வாங்கியிருப்பீர்கள். மூடியிருந்தும் பட்டை வாசனை வந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். இந்தப் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் கீழே வைத்தால் உடைந்துவிடும். மேல்மாவு சரியாக வந்திருந்தால் உடையத்தான் செய்யும். உடையாமல் இருந்தால் அதை வாங்கியிருக்கக் கூடாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். என் வீட்டுக்காரி முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்து விற்றவள்.

மண் சரிந்து கிடக்கிறது, ஜேசிபி வந்து அள்ளின பிறகுதான் வண்டி நகரும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். இல்லையென்றால் சொல்கிறேன்.

நான் நகராட்சியில் தண்ணீர்ப் பிரிவு. ஃபிட்டர். ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. கொடைக்கானலில் எந்த மேட்டு வீட்டுக்கு எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் தண்ணீர் ஏறும் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்காரி பெயர் சலேத்மேரி. எங்கள் ஊர் சலேத் மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த பெயர். நான் மேரி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்க மிஷனரி வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தாள். அந்த வீட்டம்மா சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பை. அவர்கள் கப்பல் ஏறிப் போன பிறகு இவள் எங்கள் லைன் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பங்களாக்காரர்கள், சீசனுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லி வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் குறுக்கே நிற்கவில்லை, தம்பி. அதைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்கள் விடமாட்டார்கள். நான் விட்டேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பாக இருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பங்களா பூட்டியே கிடக்கும். அதன் வேலியோரத்தில் ஓர் ஆப்பிள் மரம். வெள்ளைக்காரன் காலத்து மரம். காய் பச்சையாக, என் கை முஷ்டியளவுகூட இருக்காது. கடித்தால் காது வரைக்கும் புளிக்கும். பன்றி தின்னும், வேறு யாரும் சீந்தமாட்டார்கள். கல்யாணமான புதிதில் இவள் அதன் அடியில் குனிந்து விழுந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை எங்கள் மேஸ்திரி பார்த்துவிட்டான். மறுநாள் எல்லார் முன்னாலும், "ஏம்ப்பா, ஃபிட்டர் வீட்ல ஒரு கிலோ ஆப்பிள் வாங்கக்கூட வக்கில்லையா" என்றான். அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "இனிமே அந்த மரத்தடியில உன்னப் பாக்கக் கூடாது." சரிங்க என்றாள். ஒரே தடவைதான் சொன்னேன். மறுபேச்சு இல்லை. அப்படி ஒரு குணம் அவளுக்கு.

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம் அவளாகவே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டாள். என்ன மேரி என்றால் முட்டிவலி என்றாள். நான் பென்ஷன் பணம் வந்ததும் முதல் வேலையாக ஒரு கேஸ் ஓவன் வாங்கி வந்தேன். கண்ணாடிக் கதவு, நம்பர் போட்ட திருகு. விறகடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டாம் பார், நின்றுகொண்டே செய்யலாம் என்றேன். "நல்லா இருக்குங்க" என்றாள். ஒரு பழைய சேலையை மடித்து அதன் மேல் போட்டு மூடி வைத்தாள். அவ்வளவுதான். மூடினது மூடினபடி இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில் ஒருநாள் காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது. மதுரையில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். இடது கை ஆடும். கண் நன்றாகத் தெரியும். காது கேட்கும். வாயில் மட்டும் ஒரு சத்தம் வரும், வார்த்தை வராது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கஞ்சி, ரசம் சாதம், கேழ்வரகுக் கூழ், எதைக் கொண்டுபோனாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். தண்ணீர் மட்டும் குடிப்பாள். டாக்டர், "ஒரு வாரம் பாக்கலாம். வாய் வழியா எறங்கலன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுர வேண்டியதுதான்" என்றார். அவள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். மதுரையில் அடுத்த கட்டிலில் ஓர் அம்மா அப்படிக் கிடந்தது. ட்யூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். மேரி நாளெல்லாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் ட்யூப் என்றதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம். அதற்குள் அவள் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

திருப்பூரில் இருக்கிற மகள் ரோஸ்லின் போனில், "அம்மாவுக்குப் புடிச்சது எதாவது செஞ்சு குடுங்கப்பா" என்றாள்.

"என்ன புடிக்கும்?"

"என்னப்பா, அத என்கிட்ட கேக்குறீங்க."

மகளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? மேரி எனக்கு இது பிடிக்கும், அது பிடிக்கும் என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால்தானே தெரியும். யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் செய்தாளே, ஆப்பிள் பை, அது பிடிக்காமலா செய்திருப்பாள் என்று தோன்றியது. ஊசி போட வருகிற நர்ஸிடம் கேட்டேன். "மேல இருக்கற மாவு வேணாங்க, தொண்டையில சிக்கிரும். உள்ள இருக்கறத மட்டும் நல்லா மசிச்சு, ஆற வச்சுக் குடுங்க" என்றது. அப்படியென்றால் வெறும் ஆப்பிளை அவித்துக் கொடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அவளை ஏமாற்ற முடியாது. வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

முதலில் மார்க்கெட்டுக்குப் போனேன். இருப்பதிலேயே ஒசத்தியான ஆப்பிள், சிவப்பாக, கண்ணாடி மாதிரி, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினது. அவளுக்கு என்று வாங்கும்போது குறைச்சலாக வாங்க மனசு வரவில்லை. மைதா, வெண்ணெய், சர்க்கரை, பட்டை. எழுதி வைத்த நோட்டு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தவமணியைக் கூப்பிட்டேன். மேரிக்கு ஆப்பிள் தோல் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம்.

"எம்புட்டு மாவுக்கு எம்புட்டு வெண்ணெய் தவமணி?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நான் தோல் சீவுவேன், போயிருவேன். நீங்க அந்த வீட்லதான முப்பது வருசம் இருந்தீங்க?"

சரி, மாவுதானே என்று இறங்கினேன். எங்கள் அப்பா வத்தலக்குண்டில் பரோட்டாக் கடை வைத்திருந்தவர். மைதாவை எப்படிப் பிசைய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வெண்ணெயை உருக்கி விட்டு, அடித்து, இழுத்து, மறுபடி அடித்து, பந்து மாதிரி உருட்டி ஈரத்துணி போட்டு ஊற வைத்தேன். கை நோக நோகப் பிசைந்தேன். முன் அறையில் கட்டில். அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். நான் மாவை அடிக்க அடிக்க அவள் கட்டில் கம்பியை இடது கையால் தட்ட ஆரம்பித்தாள். வாயிலிருந்து சத்தம். அவசரமாக ஒன்றுக்கு வருகிறதாக்கும் என்று கை கழுவிவிட்டு ஓடிப்போய்ப் பெட்பேன் வைத்தேன். வரவில்லை. திரும்ப வந்து பிசைந்தேன். திரும்பத் தட்டினாள். திரும்பப் பெட்பேன் வைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அலட்டிக்கொண்டால் பிரஷர் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நடுக் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மேலே கிடந்த சேலையை எடுத்துவிட்டு ஓவனில் வைத்தேன். என்ன வந்திருக்கும் என்கிறீர்கள்? செருப்புத் தோல். உள்ளே சர்க்கரைத் தண்ணீரில் ஆப்பிள் கரைந்து மிதந்தது. தவமணி ஓர் ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தாள், வரவில்லை. "சால்னா இருக்கா அண்ணே?" என்றாள். மேரி முகர்ந்து பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள்.

நாலு நாளில் மூன்று தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டுதான். மாவை இன்னும் கொஞ்சம் பிசைய வேண்டும்போல என்று இன்னும் பிசைந்தேன். சர்க்கரை குறைச்சலோ என்று கூடப் போட்டேன். அவளிடம் கொண்டுபோய், "மேரி, உனக்காகத்தான் செஞ்சேன், ஒரு வாய்" என்று கெஞ்சியிருக்கிறேன். என் வயசில் நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. கன்னத்து எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. இடது கையில் இருந்த வளையல் தானாகக் கழன்று விழுந்தது.

ஐந்தாம் நாள் தவமணிக்குப் பொறுக்கவில்லை. "கதவ எதுக்கு அடைக்கிறீங்க? செய்யத் தெரிஞ்சவங்க உள்ள கெடக்காங்க. கட்டில அடுப்படிக்கு இழுங்கண்ணே" என்றாள். இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு வந்து ஓவனுக்கு எதிரே போட்டோம். நான் ஆப்பிள் தட்டை எடுத்து மேரிக்குக் காட்டினேன். இடது கையால் ஒரு தள்ளு. ஆறு பழமும் தரையில் உருண்டு ஓடின. எனக்குக் கோபம் வந்துவிட்டது, தம்பி, மறைப்பானேன். "இத விட நல்ல பழம் இந்த ஊர்ல எங்க இருக்கு?" என்று கத்தினேன். அவள் கையை நீட்டிப் பின்கதவைக் காட்டினாள்.

தவமணி சொன்னாள். "அவங்க இந்தச் செவப்புப் பழத்துல செய்யவே மாட்டாங்கண்ணே. இது வெந்தா கூழாப் போயிரும். புளிப்புக் காய்தான் நிக்கும். பங்களா மரத்துக் காய்."

"நான்தான் அங்க போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"நீங்க காலையில அஞ்சு மணிக்கு வால்வு தெறக்கப் போவீங்கல்ல. அதுக்கப்பறம் போவாங்க. மடியில கட்டிக்கிட்டு நீங்க வர்றதுக்குள்ள வந்துருவாங்க. நானும் கூடப் போயிருக்கேன்."

"எத்தன நாளா?"

"நீங்க மரத்த வெட்டுற வரைக்கும்."

அதைச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், நான் சர்வீஸில் இருந்த கடைசி வருஷம், அந்த மரத்து வேர் மெயின் குழாய்க்குள் புகுந்து ஜாயிண்டைத் தூக்கிவிட்டது. கீழே நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. மரத்தை எடுத்தால்தான் ஆகும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். நான் எழுதாவிட்டால் வேறொருத்தன் எழுதியிருப்பான். சுத்தமாக முடித்த வேலை அது, இன்றைக்கு வரைக்கும் அந்த ஜாயிண்டில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. வெட்டின அன்று வீட்டுக்கு வந்தால் மேரி பின்கதவில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல விறகு, காசு கொடுக்காமல் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அதில்தான் வெந்நீர் போட்டோம். அவள்தான் அடுப்பில் வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? என்னிடம் மார்க்கெட்டில் வாங்குகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அத்தனை வருஷமும். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் மேரி, என்கிட்ட ஏன் சொல்லல? என்னன்னு சொல்லு" என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி, "யார்கிட்ட பதில் கேக்குறீங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

தவமணியின் நாத்தனார் வீட்டுக்காரர் வில்பட்டியில் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே அந்த ஜாதி மரம் இரண்டு நிற்கிறது என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். காய் முற்றவில்லை, எதற்கு என்றார்கள். பரவாயில்லை என்றேன். மரத்தில் இருந்தது போதாமல் கீழே கிடந்ததையும் பொறுக்கினேன். குனிந்து, முட்டி போட்டு, பைக்குள் அள்ளினேன். ஒரு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அது ஆறாம் நாள். மேரி அந்தக் காயைப் பார்த்ததும் ஒன்றைக் கையில் வாங்கி நகத்தால் கீறி முகர்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். சரி என்று அர்த்தம். அதற்கப்புறம் எங்களுக்குள் பாஷை வந்துவிட்டது. கண்ணை மூடினால் சரி. கையை விரித்தால் நிறுத்து. வேலைக்கு இது போதும், தம்பி. குழியில் இறங்கிக் குழாய் பொருத்தும்போது மேலே நிற்கிறவனும் கீழே இருக்கிறவனும் இதைவிட அதிகமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் வெண்ணெயை உருக்கப் போனேன், கையை விரித்தாள். அப்படியே கட்டியாகப் போட்டேன், கண்ணை மூடினாள். பிசைய ஆரம்பித்தேன், கம்பியில் ஓங்கித் தட்டினாள். விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிக் காட்டினாள். தவமணி, "புட்டுக்கு உதிர்க்கிற மாதிரிண்ணே, அடிக்காதீங்க, பாவம்" என்றாள். வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர், அதுவும் ஐஸ் மாதிரி இருக்கிறது. இரண்டு கரண்டிதான், நிறுத்து. மாவு சேர்ந்தும் சேராமலும் இருக்கிறது. எனக்கு நம்பிக்கையே இல்லை. அவள் கண்ணை மூடிவிட்டாள், அப்புறம் நான் யார் சொல்ல.

இரண்டு மணி நேரம் அப்படி வேலை செய்தோம். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு வேல செஞ்சு நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் தவமணி. சொன்னேன் அல்லவா, அவளுக்கு வாய் நீளம்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்யூப் போட்டாயிற்று. இரண்டு தடவை பிடுங்கினாள். அப்புறம் இடது கையைக் கட்டினோம். நான்தான் கட்டினேன், வலிக்காமல், பழைய வேட்டியைக் கிழித்து. முப்பத்தெட்டு நாள் இருந்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை கஞ்சித் தண்ணீரை வடிகட்டி ஊற்றுவேன். ஒரு தடவைகூட அடைத்துக்கொள்ளவில்லை. நர்ஸே பாராட்டியது.

அந்த ஆறாம் நாள் சாயங்காலம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் கூட்டிப் பார்க்க முடியவில்லை.

ஓவனைத் திறந்ததும் வீடு முழுக்க வாசனை. பக்கத்து லைனில் இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேல்மாவு பொன் நிறம், கத்தி வைத்ததும் பொரபொரவென்று உதிர்ந்தது. மேரிக்கு வலது கண்ணில் எப்போதும் நீர் வடியும். அன்றைக்கு இடது கண்ணிலும் வடிந்தது. உள்ளே இருந்ததை எடுத்து மசித்து ஆற வைத்தேன். கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனேன். கேட்காமலே வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்தாள். விழுங்கினாள். தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். தவமணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவது கரண்டி. நான் மனசுக்குள் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இடது கையால், பாதி சிந்தி, பாதி அள்ளி, மெதுவாகத் தூக்கி என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீ சாப்புடு மேரி. எனக்கென்ன" என்றேன்.

நீட்டினது நீட்டினபடி இருந்தாள்.

ஆறு நாளாக அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இப்போதுதான் மூன்று கரண்டி போயிருக்கிறது. அவளுக்கென்று செய்ததை நான் வாயைத் திறந்து வாங்கித் தின்பேனா? நீங்களே சொல்லுங்கள். அவள் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, கரண்டியை அவள் வாய்ப் பக்கமே திருப்பினேன். பலமாகப் பிடிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டாள்.

"வாங்கிக்கங்கண்ணே. ஒரு வாய்தான" என்றாள் தவமணி.

"நீ சும்மா இரு. அவ சாப்புடட்டும்."

கரண்டியை வாங்கி உதட்டோரத்தில் வைத்துப் பார்த்தேன். தாடையில் வழிந்தது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். கோபம் இல்லை. விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் கரண்டியும் கையுமாக அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கையைக் கம்பியிலிருந்து எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சரி என்பதற்கு மூடுவாளே, அப்படி இல்லை. திறக்கவில்லை.

காலையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது மிச்சம் முழுசும் மேசை மேல் அப்படியே இருந்தது. தவமணி, "இத என்னண்ணே செய்ய?" என்றாள். தூக்கிப் போட்டுவிடு என்றேன். போட்டாளோ, என்ன செய்தாளோ, நான் கேட்கவில்லை.

அதனால் அதன் ருசி எப்படி வந்திருந்தது என்று எனக்குத் தெரியாது, தம்பி. நன்றாகத்தான் வந்திருக்கும். மூன்று கரண்டி சாப்பிட்டாளே.